'சாவரின்' வேறு, 'சூசரைன்' வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திபெத் பற்றியோ, 1947-இல் சமஸ்தானங்கள் இந்தியாவில் சேர்ந்தது பற்றியோ கட்டுரை வரும்போது, ஆங்கில மூலத்தில் இரண்டாக இருக்கும் சொற்கள் தமிழில் ஒன்றாகி விடுகின்றன. 'சாவரின்' (sovereign) என்று இருந்தாலும் 'இறையாண்மை', 'சூசரைன்' (suzerain) என்று இருந்தாலும் 'இறையாண்மை'. நம் நாளிதழ்கள் பலவற்றிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இதைப் பார்க்கலாம். ஓசை நெருக்கமாக இருப்பதும், இரண்டுமே 'மேலே இருப்பவர்' என்ற பொருளிலிருந்து வந்ததும் குழப்பத்துக்குக் காரணம். ஆனால் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, எல்லைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன, ஒரு போருக்கு முந்தைய கடிதச் சண்டையே நடந்திருக்கிறது. மாற்றி எழுதினால் செய்தியின் பொருளே தலைகீழாகிறது. எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

'சாவரின்' என்பவர் தனக்கு மேல் யாருமற்றவர். சட்டம் இயற்றுவது, வரி வாங்குவது, தண்டனை கொடுப்பது, பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்வது, போர் தொடுப்பது எல்லாம் அவர் கையில். அந்த நிலம் அவருடைய நாடு, அங்குள்ளவர்கள் அவருடைய குடிகள். 'சூசரைன்' என்பவர் இன்னொரு அரசருக்கு மேலே இருக்கும் அரசர். கீழே இருப்பவரும் அரசர்தான். அவருக்கென்று நாடு உண்டு, குடிகள் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆனால் வெளிநாட்டு உறவும் படையும் பெரும்பாலும் மேலே இருப்பவரிடம் போய்விடும். அதற்கு அடையாளமாகக் கீழே இருப்பவர் திறை கட்டுவார் அல்லது விசுவாசம் தெரிவிப்பார், மேலே இருப்பவர் பாதுகாப்புத் தருவார். ஆக, முதல் சொல் ஓர் அரசுக்கும் அதன் மண்ணுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. இரண்டாவது சொல் ஓர் அரசுக்கும் இன்னோர் அரசுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. முதல் நிலையின் பெயர் 'சாவரின்டி', அதாவது இறையாண்மை. இரண்டாவதன் பெயர் 'சூசரைன்டி', அதை இங்கே 'மேலாட்சி' என்கிறேன்.

ஒரே மனிதர் இரண்டு நிலையிலும் இருக்க முடியும். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி தன் நாட்டில் யாருக்கும் கட்டுப்பட்டவரல்லர். ஆனால் 1259-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி, பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்கிட்டேன் பகுதிக்காக அவர் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் முன் மண்டியிட்டு விசுவாசம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்த நிலத்தைப் பொறுத்தவரை பிரெஞ்சு அரசர் அவருக்கு 'சூசரைன்'. 1337-இல் அந்த நிலத்தைப் பிரெஞ்சு அரசர் பறிமுதல் செய்ததாக அறிவித்ததோடுதான் நூறாண்டுப் போர் தொடங்கியது. 1360-இல் பிரெத்தினி உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கேட்டுப் பெற்றது, விசுவாசம் தெரிவிக்க வேண்டாத, முழு உரிமையுள்ள அக்கிட்டேன். நிலம் கையில் இருப்பது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை, எந்த உரிமையில் இருக்கிறது என்பதும் வேண்டியிருந்தது.

நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு 1947-ஆம் ஆண்டு இந்தியச் சுதந்திரச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவைப் படித்தால் போதும், வேறுபாடு விளங்கிவிடும். முதல் உட்பிரிவின் 'அ' பகுதி, பிரிட்டிஷ் இந்தியாவில் அடங்கியிருந்த பகுதிகளின் ஆட்சிக்கு இனி பிரிட்டிஷ் அரசு பொறுப்பல்ல என்கிறது. 'ஆ' பகுதி, இந்தியச் சமஸ்தானங்கள் மீது மன்னருக்கு இருந்த 'சூசரைன்டி' காலாவதியாகிறது, அதோடு மன்னருக்கும் அந்த ஆட்சியாளர்களுக்கும் இடையே இருந்த உடன்படிக்கைகளும் காலாவதியாகின்றன என்கிறது. இரண்டு வகை நிலம் இருந்ததால்தான் இரண்டு வாக்கியங்கள் தேவைப்பட்டன. சென்னை, பம்பாய், வங்காளம் போன்ற மாகாணங்கள் பிரிட்டிஷ் மன்னரின் மண். ஐதராபாத், மைசூர், திருவிதாங்கூர், புதுக்கோட்டை ஆகியவை அவருடைய மண் அல்ல, அவருடைய மேலாட்சிக்கு உட்பட்ட மன்னர்களின் மண். 1889-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப் பொருள்கோள் சட்டமும் 'இந்தியா' என்ற சொல்லுக்கு இப்படித்தான் விளக்கம் தந்தது: பிரிட்டிஷ் இந்தியா, அதோடு அரசியாரின் 'சூசரைன்டி'க்கு உட்பட்ட சுதேச மன்னர்களின் பகுதிகள்.

இங்கே 'பிரிட்டிஷ் இறையாண்மை முடிவுற்றது' என்று எழுதினால் என்ன கெடுகிறது? இறையாண்மை என்றால் அதைக் கைமாற்றலாம். மாகாணங்களில் அதுதான் நடந்தது. சமஸ்தானங்கள் மீதிருந்த மேலாட்சியோ இந்தியாவுக்கும் போகவில்லை, பாகிஸ்தானுக்கும் போகவில்லை, அப்படியே அற்றுப்போனது. அது பிரிட்டிஷ் முடிக்கும் மன்னர்களுக்கும் இடையே இருந்த உறவு என்பதால், மன்னர்களின் சம்மதம் இல்லாமல் வேறோர் அரசுக்கு அதை மாற்றக் கூடாது என்று 1929-இலேயே, அந்த உறவை ஆராய்ந்த பட்லர் குழு சொல்லியிருந்தது. இதை விட்டுவிட்டால், 500-க்கும் மேற்பட்ட ஆட்சியாளர்களிடம் சர்தார் படேலும் அவருடைய துறைச் செயலாளர் வி.பி. மேனனும் ஏன் கையெழுத்து வாங்க அலைந்தார்கள் என்பது வாசகருக்குப் புரியாது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் மாதத்தில் தனிநாடு என்று அறிவித்ததும் வெறும் பிடிவாதமாகத் தெரியும். அந்த அறிவிப்பை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது, அந்தப் பிடி இந்த ஒரு சொல்.

மன்னர்கள் கையெழுத்திட்ட சேர்க்கை ஆவணத்தையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். என் நாட்டின் மீது எனக்குள்ள 'சாவரின்டி' தொடர்வதை இந்த ஆவணம் எதுவும் பாதிக்காது என்று அதன் 8-ஆம் பத்தி சொல்கிறது. சேர்க்கை வேறு, இணைப்பு வேறு என்பதும் இதிலிருந்துதான் வருகிறது. புதுக்கோட்டை 1947 ஆகஸ்டில் இந்தியாவில் சேர்ந்தது. தொண்டைமான் அப்போதும் மன்னர்தான். 1948 மார்ச் 3-ஆம் தேதி சென்னை மாகாணத்தோடு இணைந்தபோதுதான் ஆட்சி அவர் கையை விட்டுப் போனது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக்கி 'புதுக்கோட்டை 1947-இல் இணைந்தது' என்று எழுதுவது, சொற்குழப்பத்தின் நேரடி விளைவு.

புதுக்கோட்டையை ராமநாதபுரத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். புதுக்கோட்டைத் தொண்டைமான், ராமநாதபுரம் சேதுபதி இருவரையும் மக்கள் 'ராஜா' என்றுதான் அழைத்தார்கள். அரண்மனை, யானை, நவராத்திரி தர்பார் எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு. ஆனால் சேதுபதி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்த ஜமீன்தார். நிலையான வரியாகப் பேஷ்குஷ் கட்டி, பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் நிலம் வைத்திருந்தவர். அவருக்கு மேலே இருந்தது 'சாவரின்'. தொண்டைமான் சமஸ்தான மன்னர். அவருக்கு மேலே இருந்தது 'சூசரைன்'.

இதன் விளைவு வாரிசுத் தகராறில் பளிச்சென்று தெரியும். ராமநாதபுரத்தில் விதவை ராணி தத்து எடுத்தது செல்லுமா என்ற வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-இல் தீர்ப்பானது. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்பதையும் 1863-இல் பிரிவி கவுன்சில்தான் தீர்த்தது. இந்து சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த இரண்டு தீர்ப்புகளைப் படிக்கிறார்கள். ஜமீன் ஒரு சொத்து, சொத்துத் தகராறு சிவில் வழக்கு, ஆகவே நீதிமன்றம். புதுக்கோட்டையில் அப்படியில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை, அவர்களுடைய மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. மன்னர் நாட்டை விட்டு வெளியே வாழ நேர்ந்தது. 1928-இல் அவர் பாரிஸில் இறந்தபின் பிரிட்டிஷார் தேர்ந்தெடுத்த ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். எந்த நீதிமன்றத்திலும் இதை எதிர்த்து வழக்குப் போட முடியாது. சமஸ்தான நீதிமன்றங்களிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடே கிடையாது. மேலாட்சி என்பது சட்டத்தின் வழியாக அல்லாமல் அரசியல் முடிவின் வழியாக இயங்கியது. சில நேரங்களில் அது ஜமீன்தார் மீதான சட்டத்தை விடவும் கடுமையாக இருந்தது. ஆகவே 'சூசரைன்' என்றால் பேருக்கு மேலே இருப்பவர் என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

பேருக்கு இருந்த பகுதியும் உண்டு. 1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் தொண்டைமானுக்குக் கொடுத்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தர வேண்டும் என்று நிபந்தனை ஏற்பட்டது. கம்பெனி அந்த யானையைக் கேட்டு வாங்கவில்லை. 1836-இல் முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டது. யானையின் விலை யாருக்கும் முக்கியமில்லை, 'நீ எனக்குக் கீழே' என்ற ஒப்புதல்தான் முக்கியம். அதே சமயம் புதுக்கோட்டையில் பிரிட்டிஷ் அரசரின் தலை இல்லாத சொந்தக் காசு புழங்கியது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அந்த அம்மன் காசு இன்றும் பல வீடுகளில் பூஜை அலமாரியில் இருக்கிறது. ராமநாதபுரத்து ஜமீன்தார் பிரிட்டிஷ் ஆட்சியில் இப்படி ஒரு காசு அடித்திருக்க முடியாது.

ஜமீன்கள் ஒழிந்த விதமும் வேறு. 1948-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் அவற்றை எடுத்துக்கொண்டது, கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. சமஸ்தானங்களுக்கு ஒப்பந்தமும் மன்னர் மானியமும் தேவைப்பட்டன. அந்த மானியத்தை நிறுத்த 1971-இல் அரசியலமைப்பையே 26-ஆவது முறை திருத்த வேண்டியிருந்தது.

திபெத் விஷயத்தில் நம் செய்திகள் இன்னும் பெரிய தவறைச் செய்கின்றன, ஏனென்றால் அங்கே இந்தச் சொல் இன்றைய எல்லைப் பிரச்சினையைத் தொடுகிறது. 1907-ஆம் ஆண்டு ஆங்கில-ரஷ்ய உடன்படிக்கை திபெத்தில் சீனாவுக்கு உள்ள 'சூசரைன்' உரிமைகளை அங்கீகரித்தது. பிரிட்டன், சீனா, திபெத் மூன்றும் கலந்துகொண்டு 1913 அக்டோபரில் தொடங்கிய சிம்லா மாநாட்டில் உருவான உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு, திபெத் சீனாவின் 'சூசரைன்டி'க்குக் கீழ் இருப்பதாகவும், வெளித் திபெத், அதாவது லாசா அரசின் ஆட்சியில் இருந்த பகுதி, தன்னாட்சி உடையது என்றும் ஒரே மூச்சில் சொன்னது. திபெத்தை மாகாணமாக்க மாட்டோம் என்று சீனா உறுதி தர வேண்டும். லாசாவில் ஒரு சீன உயரதிகாரி இருக்கலாம், அவருடைய காவற்படை 300 பேரைத் தாண்டக் கூடாது. வெளித் திபெத்துக்குச் சீன நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் கிடையாது. அதிகாரிகளை நியமிப்பது திபெத் அரசு. இந்த நிபந்தனைகளையெல்லாம் படித்துவிட்டு 'சீனாவின் இறையாண்மையை ஏற்றது' என்று எழுத முடியுமா? தன் மண்ணில் தன் படை 300 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எந்த இறையாண்மை அரசு ஒப்புக்கொள்ளும்? சீனப் பிரதிநிதி முதலெழுத்து மட்டும் இட்டார். சீன அரசு அதை ஏற்க மறுத்துவிட்டது.

இந்தியா-திபெத் எல்லையாக வகுக்கப்பட்ட மக்மகான் கோடு 1914 மார்ச் 24, 25 தேதிகளில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் பிறந்தது. திபெத் சீனாவின் இறையாண்மைக்குள் இருந்தது என்றால் திபெத்துக்கு எல்லை ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை, கோடு செல்லாது. சீனாவின் வாதம் அதுதான். திபெத்துக்குத் தன்னாட்சி இருந்தது, மேலே இருந்தது மேலாட்சி மட்டுமே என்றால் அந்தக் கடிதங்களுக்கு மதிப்பு உண்டு. அருணாசலப் பிரதேச எல்லை பற்றி நம் நாளிதழ்கள் எழுதும்போது, சிம்லா உடன்படிக்கையின் வாசகத்தை 'சீன இறையாண்மை' என்று மொழிபெயர்ப்பது, தெரியாமலே எதிர்த்தரப்பு வாதத்தை வாசகருக்கு உண்மைபோலக் கொடுப்பதாகும்.

அதேபோல இன்றைய நிலையைப் பழைய சொல்லால் எழுதுவதும் கூடாது. 1954 ஏப்ரல் 29 அன்று கையெழுத்தான இந்திய-சீன ஒப்பந்தம் 'சீனாவின் திபெத் பகுதி' என்றே குறிப்பிட்டது. 2003-ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் திபெத் தன்னாட்சிப் பகுதி சீன மக்கள் குடியரசின் நிலப்பரப்பைச் சேர்ந்தது என்று இந்தியா அங்கீகரித்தது. பிரிட்டன் மட்டும் 2008 வரை பழைய 'சூசரைன்டி' நிலைப்பாட்டை வைத்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 29-இல் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் அது காலாவதியான கருத்து என்று கூறி, திபெத்தைச் சீனாவின் பகுதியாகக் கருதுவதாக அறிவித்தார். இரண்டு சொல்லுக்கும் 'இறையாண்மை' என்று எழுதும் நாளிதழ், இந்த அறிவிப்பை எப்படிச் செய்தியாக்கும்? 'இறையாண்மையைக் கைவிட்டு இறையாண்மையை ஏற்றது' என்றா?

மலேசியத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் கெடா மாநிலத்தின் வரலாறும் இந்தச் சொல்லைக் கடந்துதான் வந்திருக்கிறது. கெடா, கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, 'பூங்கா மாஸ்' அனுப்பினார்கள். பொன்னாலும் வெள்ளியாலும் இலையும் பூவுமாகச் செய்த சிறு மரங்கள் அவை. சயாம் அதைத் திறை என்றது, சுல்தான்கள் நட்பின் அடையாளம் என்றார்கள். மேலாட்சி உறவில் இந்த இரட்டை விளக்கம் எப்போதும் உண்டு. 1909 மார்ச் 10-இல் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையில், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மீது தனக்கு இருந்த 'சூசரைன்டி', பாதுகாப்பு, நிர்வாகம், கட்டுப்பாடு ஆகிய எல்லா உரிமைகளையும் சயாம் பிரிட்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. சுல்தான்களைக் கேட்கவில்லை. ஆனாலும் சுல்தான்கள் சுல்தான்களாகவே தொடர்ந்தார்கள். மாறியது மேலே இருந்தவர் மட்டும். 'சயாம் இறையாண்மையைக் கைமாற்றியது' என்று எழுதினால் அந்தச் சுல்தானகங்கள் சயாமின் மாவட்டங்களாக இருந்தது போல் ஆகிவிடும். சிங்கப்பூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1824 ஆகஸ்ட் 2 உடன்படிக்கையில் ஜோகூர் சுல்தானும் தெமெங்கோங் என்ற உயர்பதவியாளரும் அந்தத் தீவை முழு 'சாவரின்டி'யோடும் சொத்துரிமையோடும் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அங்கே இறையாண்மை என்று எழுதுவதுதான் சரி.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. ஜோகூர் சுல்தான் அபு பக்கர் இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் வாழ்ந்தபோது தன்னை மணப்பதாக வாக்குத் தந்து ஏமாற்றினார் என்று ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 1885 உடன்படிக்கைப்படி ஜோகூரின் வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்தது. அயல்நாட்டுச் 'சாவரின்' மீது இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது. வெளியுறவு கையில் இல்லாத இவர் உண்மையான 'சாவரின்' தானா? நீதிமன்றம் காலனி அலுவலகத்தைக் கேட்டது. ஜோகூர் சுதந்திர நாடு, அவர் அதன் ஆட்சியாளர் என்று பதில் வந்தது. வழக்கு தள்ளுபடியானது. 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் இந்த வழக்கு சொல்வது இதுதான்: மேலே ஒருவர் இருப்பதாலேயே கீழே இருப்பவரின் இறையாண்மை முழுக்கப் போய்விடாது. ஆகவே ஒரே பத்தியில் இரண்டு சொல்லும் வரும்போது மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய் ஒன்றை நீக்கிவிடக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

ஐரோப்பியச் செய்திகளில் பெரும்பாலும் உதுமானியப் பேரரசு தொடர்பாக இச்சொல் வரும். 1878 பெர்லின் உடன்படிக்கை பல்கேரியாவைச் சுல்தானின் மேலாட்சிக்கு உட்பட்ட, திறை கட்டும் தன்னாட்சிச் சிற்றரசு என்றது. 1908-இல் அது முழு விடுதலையை அறிவித்தது. பல்கேரியாவின் விடுதலை ஆண்டு ஒரு நூலில் 1878 என்றும் இன்னொன்றில் 1908 என்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

தென்னாப்பிரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. 1881 பிரிட்டோரியா உடன்படிக்கை, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் டிரான்ஸ்வால் நாட்டுக்குப் பிரிட்டிஷ் அரசியாரின் 'சூசரைன்டி'க்கு உட்பட்ட முழுத் தன்னாட்சி தந்தது. 1884 லண்டன் உடன்படிக்கையில் அந்தச் சொல் இல்லை. ஆனால் ஆரஞ்சு விடுதலை நாட்டைத் தவிர வேறு நாட்டோடு உடன்படிக்கை செய்ய அரசியாரின் ஒப்புதல் வேண்டும் என்ற 4-ஆம் பிரிவு இருந்தது. 1881 உடன்படிக்கையின் முகவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆகவே மேலாட்சியும் இருக்கிறது என்று 1897-இல் காலனித்துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் வாதிட்டார். சொல்லை எடுத்துவிட்டீர்கள், ஆகவே இல்லை என்றார்கள் போயர்கள். 1899 அக்டோபரில் போர் வந்தது. தங்கச் சுரங்கமும் குடியேறியவர்களின் வாக்குரிமையும் போருக்குப் பெரிய காரணங்கள்தான். ஆனால் தகராறு எழுதப்பட்ட மொழி இந்தச் சொல்லின் மொழி.

இலங்கைக்கு வந்தால், 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தில் மேலாட்சிக்கு இடமே இல்லை. கண்டி மாகாணங்களின் ஆட்சியுரிமை பிரிட்டிஷ் பேரரசின் 'சாவரின்' வசம் சேர்வதாகவும், ஆளுநர்கள் வழியாக அது செலுத்தப்படும் என்றும் அது சொன்னது. சமஸ்தானம் போல ஒரு மன்னரை வைத்துக்கொள்ளவில்லை. நாயக்கர் வம்சத்துக் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தார். புதுச்சேரியும் இப்படித்தான், மறுதிசையில். அது பிரான்சின் மண். ஆகவே 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைக்கு வந்த பிறகும், 1956 மே 28-இல் கையொப்பமான ஒப்படைப்பு உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தது. புதுக்கோட்டைக்கு ஒரு மன்னரின் கையெழுத்துப் போதுமானதாக இருந்தது. புதுச்சேரிக்கு ஒரு நாடாளுமன்றம் வேண்டியிருந்தது.

செய்தி மேசையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் பயன்படும்படி சிலவற்றைச் சொல்கிறேன். மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கும்போது ஆங்கிலத்திலேயே இந்த இடத்தில் தவறு நேர்வதுண்டு. ஐயம் வந்தால் நிலத்தின் நிலையைக் கேளுங்கள். கீழே ஓர் ஆட்சியாளர் சொந்த உரிமையில் இருந்தாரா? அங்குள்ள நீதிமன்றம் யார் பெயரில் நடந்தது? மக்கள் யாருடைய குடிகள்? சமஸ்தான மக்கள் பிரிட்டிஷ் குடிகளாகக் கருதப்படவில்லை, பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்றே கருதப்பட்டார்கள். வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்யும் உரிமை யாரிடம் இருந்தது? முதல் மூன்றுக்கும் விடை கீழே இருப்பவர், கடைசிக்கு மட்டும் மேலே இருப்பவர் என்றால், அது பெரும்பாலும் 'சூசரைன்'. மூலத்தில் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லை நுழைக்கவும் கூடாது. 1949-ஆம் ஆண்டு இந்திய-பூட்டான் உடன்படிக்கை வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனையால் வழிநடத்தப்பட பூட்டான் இசைகிறது என்று சொன்னது, 2007-இல் அந்தப் பிரிவும் மாற்றப்பட்டது. அதில் மேலாட்சி என்ற சொல்லே கிடையாது. 1950 உடன்படிக்கையில் சிக்கிம் 'புரொடெக்டரேட்', அதாவது காப்புநாடு. பட்லர் குழு பயன்படுத்திய சொல் 'பாரமவுண்ட்சி', சமஸ்தானங்கள் மீது பிரிட்டிஷ் முடிக்கு இருந்த மேலுரிமை. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரிய நடைமுறையின் பெயர், பல்கேரியாவுக்கோ திபெத்துக்கோ அதைப் பொருத்த முடியாது.

தமிழில் எதை எழுதலாம்? 'இறையாண்மை'யை 'சாவரின்டி'க்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள், நம் அரசியலமைப்பு முகவுரையின் தமிழாக்கமும் அப்படித்தான். 'சூசரைன்டி'க்கு 'மேலாட்சி' அல்லது 'மேலரசுரிமை', ஆளைக் குறித்தால் 'மேலரசர்'. 'மேலாண்மை' என்று எழுதினால் வாசகருக்கு நிர்வாகப் படிப்பு நினைவுக்கு வரும். 'மேலாதிக்கம்' என்றால் வல்லரசுகளின் அடாவடி என்ற பொருள் ஏற்கெனவே ஏறிவிட்டது. கீழே இருப்பவருக்குச் 'சிற்றரசர்', அவர் கட்டுவதற்குத் 'திறை'. இந்த இரண்டும் நெடுங்காலமாக நம்மிடம் இருப்பவை, புதிதாக ஆக்க வேண்டியதில்லை. முதல் முறை வரும்போது 'உள்நாட்டு ஆட்சி சிற்றரசரிடம், வெளியுறவு மேலரசரிடம்' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் வாசகர் தடுமாற மாட்டார்.

'சாவரின்' எல்லா இடத்திலும் 'இறையாண்மை' ஆவதும் இல்லை. அரசியல் செய்தியில் பெயர்ச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் அரசரோ அரசியோதான். பிரிட்டனில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைப்பவர் 'சாவரின்' என்றால் 'மன்னர்' என்று எழுதுங்கள். 'சாவரின் டெட்' என்பது அரசுக் கடன். நகைக்கடையில் நாம் சொல்லும் 'சவரன்' இதே சொல்தான். அரசர் உருவம் பொறித்த 22 காரட் ஆங்கிலப் பொற்காசின் பெயர் அது. அதன் எடை 7.988 கிராம், நாம் 8 கிராமாகக் கணக்கிடுகிறோம். 2015-இல் வந்து, 2024 பிப்ரவரிக்குப் பின் புதிதாக வெளியிடப்படாத 'சாவரின் கோல்டு பாண்டு' திட்டத்தில் அந்தச் சொல், இந்திய அரசின் சார்பில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது என்ற பொருளில் வருகிறது. அதை 'இறையாண்மைத் தங்கப் பத்திரம்' என்றோ 'சவரன் தங்கப் பத்திரம்' என்றோ எழுதாமல் 'அரசு தங்கப் பத்திரம்' என்று எழுதினால் போதும். முதலீட்டின் அலகு அங்கே ஒரு கிராமாக இருந்தது, எட்டு கிராம் அல்ல. 'சவரன்' என்று அச்சானதைப் பார்த்து எட்டு கிராம் கணக்கில் பணம் எடுத்துவந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

தங்கள் நாளிதழின் மொழிநடைக் கையேட்டில் இந்த இரண்டு சொற்களுக்கும் தனித்தனி இடம் தர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
புதுக்கோட்டை.